பட்டுச்சு அக்கா

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ரகசியம் ஒன்றும் கிடையாது. எழுதினால் தப்பாக எழுதிவிடுவேனோ என்ற பயம்தான். அந்தப் பெயரை ஏற்கெனவே ஒருமுறை தப்பாக எழுதி, அவரிடமே மாட்டிக்கொண்டவன் நான். எங்கள் பூல் ஹாலுக்கு வந்துபோன அத்தனை பேருக்கும் அவர் ‘பட்டுச்சு அக்கா’. இங்கேயும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஹால் முத்தியால்பேட்டையில் இருக்கிறது. முன்பு விசைத்தறி ஓடிய கொட்டகை. நானும் என் மனைவியின் அண்ணனும் சேர்ந்து எடுத்து, சுவருக்கு வெள்ளையடித்து, ஏ.சி. மாட்டி, மூன்று மேசை போட்டோம். இரண்டு மேசைகள் புதியவை. பச்சைத் துணி, ஆறு குழி, மேலே நீள விளக்கு என்று பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். மூன்றாவது மேசையைப் பற்றிக் கேட்காமல் இருந்தால் நல்லது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் என் குணம் அதில் இருக்கிறது.

கால்வாய்க்குக் கிழக்கே, பழைய பிரெஞ்சுக்காரர் தெருக்களில் ஒரு வீட்டில், பிரான்சில் இருக்கும் மகனோடு போய்ச் சேரவிருந்த பெரியவர் ஒருவர் “பில்யார் மேசை ஒண்ணு இருக்கு, வேணுமா?” என்றார், பில்லியர்ட்ஸைப் பிரெஞ்சு வழக்கில். தேக்கில் கடைந்த கால்கள், உள்ளே நல்ல கற்பலகை. மேலே விரிப்புப் போட்டு மூடியிருந்தது. கால்களைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். எட்டுப் பேர் சேர்ந்து தூக்கி வந்து ஹாலில் இறக்கி, விரிப்பை விலக்கினால் மேசையில் ஒரு குழிகூட இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ஆடியது அப்படித்தானாம். மூன்றே பந்து. ஒன்றால் மற்ற இரண்டையும் தட்டினால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். விரிப்பை விலக்கிப் பார்க்காதவன் நான். வீட்டில் போய் நான் சொன்னது, “உங்க அண்ணன் பாக்காம வாங்கிட்டாரு.”

என் விரல் அப்படி. தப்பு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், தானாக நீண்டு மச்சானைக் காட்டும்.

அக்கா எங்கள் தெருவில் மீன் விற்றவர். சோலைநகர்ப் பக்கம் வீடு. காலையில் ஏலத்தில் எடுத்த மீனைத் தெருத் தெருவாகக் கொண்டுவந்து, பன்னிரண்டு மணிக்கெல்லாம் அன்னக்கூடையைக் காலி செய்துவிடுவார். குள்ளம். வயது நாற்பத்தைந்து இருக்கும். புடவைக்கு மேலே அவர் வீட்டுக்காரருடைய பழைய முழுக்கைச் சட்டை. அந்தச் சட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒரு சித்திரை வெயிலில் கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“உள்ள ஜில்லுன்னு இருக்கு போல?”

“வாக்கா, உக்காரு.”

உட்காரவில்லை. மேசையைச் சுற்றி வந்தார். இரண்டு கல்லூரிப் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “இது கேரம் போர்டுதான? வெரலுக்குப் பதிலா குச்சி வச்சிருக்கீங்க” என்றார். பிறகு பழைய மேசைக்குப் போய் நான்கு பக்கமும் குனிந்து தேடினார். “இதுல குழி இல்லையே தம்பி. அப்ப எப்பத்தான் ஜெயிக்கிறது?”

மூன்று பந்துக் கணக்கைச் சொன்னேன். அவருக்கு அது ஒரு ஆட்டமாகவே தோன்றவில்லை.

குப்பத்தில் தன் அண்ணன் தம்பி நாலு பேரையும் கேரத்தில் தோற்கடித்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது. மறுநாள் இரண்டு மணிக்கு வந்தார். குழாயடியில் கையைச் சோப்புப் போட்டு, எலுமிச்சை மூடியால் தேய்த்து, முகர்ந்து பார்த்து, மறுபடி தேய்த்து, அப்புறம்தான் ஸ்டிக்கைத் தொட்டார். அன்றிலிருந்து தினமும் அதே நேரம், அதே எலுமிச்சை. மதியத்தில் ஹாலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த எனக்கும் ஆட ஒரு ஆள் கிடைத்தது. பந்தைக் காய் என்பார். வெள்ளைப் பந்து அவருக்கு ஸ்ட்ரைக்கர். கை எட்டாத பந்தை அடிக்க ஸ்டிக்கைத் தாங்கிக்கொள்ள ஒரு கவைக்கோல் வைத்திருப்போம். “அந்தத் தொரட்டிய எடு தம்பி” என்பார். அவர் உயரத்துக்கு, அடிக்கிறதில் பாதி தொரட்டியை வைத்துத்தான்.

வந்த நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, நான் டீ குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன், புது மேசை முழுக்க வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பச்சைத் துணியில் மாவு கொட்டிய மாதிரி. பக்கத்தில் அந்தக் கல்லூரிப் பையன்கள் விழித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

“எவன்டா பண்ணது? துணி இன்னா வெல தெரியுமா?”

“தம்பி, பசங்கள திட்டாத” என்று பின்னாலிருந்து குரல். “நான்தான் போட்டேன். காய் சரியா ஓடல. நீங்க பவுடர் போட மறந்துட்டீங்கன்னு வீட்லருந்து கொண்டாந்தேன்.”

கையில் காகிதப் பொட்டலம். கேரம் போர்டுக்குத் தூவுகிற பவுடர். குப்பத்தில் யாரும் பவுடர் தூவாமல் காயைத் தொடமாட்டார்கள். இங்கே எங்களுக்கு அவ்வளவுகூட விவரம் போதவில்லை என்று நினைத்து, ஒரு உதவி செய்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அவர் சும்மா இருந்திருந்தால் பழி அந்தப் பையன்கள் மேல்தான் விழுந்திருக்கும். நான் அதற்குள் அவர்களை வெளியே போகச் சொல்லத் தயாராகியிருந்தேன். அந்தத் துணியை ஒரே திசையில்தான் துலக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் வரை பிரஷை வைத்துக்கொண்டு ஒரே திசையில் துலக்கினார். ஒரு மூலையில் மட்டும் வெள்ளை போகவில்லை. இன்னும் இருக்கிறது.

பூல் ஆட்டத்தில் ஸ்டிக்கின் நுனி வெள்ளைப் பந்தைத் தொடலாம். வேறு எதுவும் எந்தப் பந்தையும் தொடக்கூடாது. விரல் பட்டாலும் சட்டை பட்டாலும் தப்பு. அடிக்கும் முறை எதிராளிக்குப் போய்விடும். வெள்ளையை அவன் கையில் எடுத்து, தோதான இடத்தில் வைத்து அடிக்கலாம். ஆனால் பட்டதா இல்லையா என்பது பல நேரம் பட்டவருக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் ஹாலில் அதுவரை யாருக்கும் எதுவும் பட்டதே இல்லை. அவ்வளவு சுத்தமான ஆட்டக்காரர்கள்!

அக்கா வந்த பிறகுதான் அந்தச் சொல்லைக் கேட்டோம். குனிந்து குறி பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று நிமிர்வார்.

“பட்டுச்சு.”

ஸ்டிக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிடுவார். முகத்தில் வருத்தமோ பெருமையோ இருக்காது. பஸ்ஸில் தன் ஸ்டாப் வந்ததும் இறங்குகிறவர் மாதிரி இறங்கிப் போவார்.

“எவன்கா பாத்தான்? அடிச்சிட்டுப் போவியா!” என்று மச்சான் கத்துவார். மச்சான் அவருடைய ரசிகர்.

“எனக்குத் தெரிஞ்சுது. அது போதாதா, ஊரையே கூட்டணுமா?”

இன்னொன்றும் கவனித்தேன். அடுத்தவருக்குப் பட்டதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. உழவர்கரையிலிருந்து வரும் ஏ.சி. மெக்கானிக் ஒருவன், நாங்கள் வைத்த பெயர் கம்ப்ரசர், ஒருமுறை முழங்கையால் ஒரு பந்தை நன்றாகவே தள்ளிவிட்டான். அக்கா நேராகப் பார்த்தார். கம்ப்ரசர் விளக்கைப் பார்த்தான். “ஏன்கா வுட்ட?” என்று பிறகு கேட்டேன். “அது அவன் சொல்ல வேண்டியது” என்று மட்டும் சொன்னார். கம்ப்ரசர் அதற்குப் பிறகு ஒரு வாரம் வரவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு மறுநாளே வந்திருப்பான்.

மீனிலும் இதே கதைதான். என் அம்மா கூடையைப் பார்த்து, “வஞ்சிரம் புதுசா?” என்று கேட்டால், “நேத்துதும்மா. ஐஸ்ல இருந்துச்சு. கொழம்புக்கு ஆவும், வறுக்காத” என்பார். “இப்பிடிச் சொன்னா இன்னாத்த விப்ப?” என்று அம்மாவே அலுத்துக்கொள்வார். ஆனால் வேறு ஆளிடம் வாங்கமாட்டார்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையை அவரே சொன்னார். தவளக்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கேசரியைக் கையில் எடுத்ததும், “எங்க பொண்ணுக்குக் கோவம் வந்தா ரெண்டு நாளு பேசமாட்டா. சோறு குழைச்சிடுவா. பாத்துக்குங்க” என்றிருக்கிறார். அவர் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். பையனின் அம்மா கேசரியைக் கீழே வைத்துவிட்டு, “எங்கவன் கொறட்ட வுடுவாங்க. தெருவுக்கே கேக்கும்” என்றாராம். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் போட்டி போட்டுக்கொண்டு குறைகளை எடுத்துப்போட, அரை மணி நேரத்தில் தாம்பூலம் மாற்றிவிட்டார்கள். “இனிமே சண்ட போடறதுக்குப் புதுசா ஒண்ணும் இல்ல தம்பி” என்று சிரித்தார்.

இவ்வளவு தன் தப்பைச் சொல்கிறவருக்கு, அடுத்தவர் செய்த ஒரு தப்பு மட்டும் தீராத மனக்குறையாக இருந்தது. அது அவர் பெயர். ஒருநாள் ஏதோ விண்ணப்பம் நிரப்பித் தரச் சொல்லிக் காகிதங்களை மேசைமேல் பரப்பினார். ஒரு அட்டையில் ஒரு பெயர். பாஸ்புக்கில் வேறு. கேஸ் புத்தகத்தில் ஆணா பெண்ணா என்றே தெரியாத ஒரு பெயர்.

“நான் இன்னா மூணு ஆளா?” என்றார். “அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்கேன். என் பேர நானே எழுதுவேன். ஆனா எழுதற எடத்துல எவனும் எங்கிட்ட கேக்கறதில்ல.”

அப்போது அவர் கண் சுவரில் இருந்த பலகையில் விழுந்தது. வருடம் ஒருமுறை ஹாலில் போட்டி நடத்துவோம். ஜெயித்தவர் பெயரைப் பெயிண்டர் அந்தப் பலகையில் எழுதுவார்.

“இதுல பேரு யாரு குடுக்கறது?”

“நான் சீட்டுல எழுதிக் குடுப்பேன். பெயிண்டர் பாத்து எழுதுவாரு.”

“நான் ஜெயிச்சா சரியா எழுதிக் குடுப்பியா?”

“எழுதறேன்கா.”

“ஒரு எடத்துலயாவது சரியா இருக்கணும் தம்பி. ஒரே ஒரு எடம்.”

முதல் வருடம் அரையிறுதியில் விரல் முட்டி பட்டுத் தோற்றார். அடுத்த வருடமும் அரையிறுதியில்தான். ஸ்டிக்கில் தேய்க்கும் நீலச் சாக் மேசையோரத்திலிருந்து உருண்டு ஒரு பந்தில் முட்டியது. “அது சாக்குதான்கா!” என்றோம். “சாக்கு யாரு கையிலருந்து வுழுந்துச்சு?” என்று கேட்டுவிட்டு ஸ்டூலுக்குப் போய்விட்டார். மூன்றாவது வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்தார். எதிரே கம்ப்ரசர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அன்று மீன் விற்கப் போகவில்லை. கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப்புடவை, தலையில் பூ, கையில் ஒரு தூக்கு நிறைய இறால் வறுவல். ஹாலே திரும்பிப் பார்த்தது.

“இன்னா பாக்கறீங்க? ஜெயிச்சா போட்டோ புடிப்பீங்கள்ல?”

சட்டை இல்லை. முந்தானையை இழுத்துப் பிடித்து வைத்திருந்ததே அந்தச் சட்டைதான் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கும்தான்.

ஒன்பது ஆட்டத்தில் இருவரும் நாலுக்கு நாலு. கடைசி ஆட்டத்தில் அக்காவுக்குக் கறுப்புப் பந்து மட்டும் பாக்கி. அதைப் போட்டால் கோப்பை. கம்ப்ரசருக்கு அவன் பங்கில் ஒரு கோடு போட்ட பந்தும், அப்புறம் கறுப்பும். நான் நடுவர். தொரட்டியைக் கொடுத்தேன். குனிந்தார். கறுப்புக்கும் குழிக்கும் நடுவே ஒன்றும் இல்லை. மச்சான் கைதட்டக் கையைத் தூக்கிவிட்டார்.

அக்கா நிமிர்ந்தார். முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினார்.

“பட்டுச்சு.”

மச்சான் தூக்கிய கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். கோடு போட்ட பந்தில் பட்டு முந்தானையின் முனை உரசியிருக்கிறது. ஒரு அடி தள்ளி நின்ற எனக்கே தெரியவில்லை. அவர் ஸ்டூலில் போய் உட்கார்ந்து, பலகையை ஒருமுறை பார்த்தார்.

கம்ப்ரசர் வெள்ளையைக் கையில் எடுத்தான். கோடு போட்ட பந்தைப் போட்டான். கறுப்பையும் போட்டான். யாரும் கைதட்டவில்லை. அவன் ஸ்டிக்கைப் பிடித்தபடியே நின்றான். பிறகு தொண்டையைச் செருமினான்.

“பட்டுச்சு” என்றான். “சட்டக் கை, கறுப்புல.”

கறுப்பைப் போடும்போது தப்பு நடந்தால் ஆட்டமே எதிராளிக்கு. கோப்பை அக்காவுக்கு. ஹால் ஓவென்று கூச்சல் போட்டது. கம்ப்ரசர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நம்பமுடியாமல் ஒருவன் அவனைக் கிள்ளிப் பார்த்தான்.

அக்கா எழுந்து வந்தார். அவன் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். அரைக்கைச் சட்டை.

“இது முழங்கைக்கே வரல. கறுப்பு வரைக்கும் எப்பிடிடா வந்துச்சு?”

“பட்டுச்சுன்னா பட்டுச்சுக்கா. என் தப்ப நான் சொல்றேன், உனக்கு இன்னா?”

“நடந்தத சொன்னாத்தான்டா அது தப்ப ஒத்துக்கறது. நடக்காதத சொன்னா அதுக்குப் பேரு வேற.” அப்புறம் என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீதான நின்ன. பட்டுச்சா?”

ஆமாம் என்று சொல்லவேண்டும் போல இருந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் அந்தப் பெயர் பலகையில் ஏறியிருக்கும். வழக்கம் போல மச்சானைப் பார்த்தேன். மச்சான் ஏ.சி.யைப் பார்த்தார்.

“இல்லக்கா” என்றேன்.

“அதான்.” கம்ப்ரசரின் கையைப் பிடித்துத் தூக்கினார். “போட்டோ புடிங்கப்பா. எறா ஆறுது.”

அன்று கம்ப்ரசர் இறாலும் சாப்பிட்டு அழவும் அழுதான். காரம் என்று சொன்னான். அதையாவது அக்கா விட்டுவிட்டார்.

பலகையில் கம்ப்ரசர் பெயர்தான் எழுதப்பட்டது. ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. அதே வாரம் பெயிண்டரைக் கூப்பிட்டு, ஸ்டிக்குகள் மாட்டியிருக்கும் சுவரில் பெரிதாக ‘பட்டால் சொல்லவும்’ என்று எழுதச் சொன்னேன். பொன்மொழிக்குக் கீழே சொன்னவர் பெயரைப் போடுவதில்லையா, அந்த மாதிரி அதற்குக் கீழே அக்காவின் பெயர். இதில் பொய் ஒன்றும் இல்லை, அவரே குற்றம் சொல்லமுடியாது என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் இரண்டு மணிக்கு வந்தார். சட்டை மறுபடி போட்டிருந்தார். எலுமிச்சை தேய்த்துக் கை கழுவித் திரும்பியவர் சுவரைப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்துப் படித்தார். படித்து முடித்தும் நின்றுகொண்டே இருந்தார். அழப்போகிறார் என்று நினைத்து, நான் ஆறுதலாகச் சொல்ல ஒரு வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“தம்பி,” என்றார், “கால் வுட்டுப்போச்சு.”

பார்த்தேன். பெயருக்கு நடுவில் ஒரு துணைக்கால் இல்லை. நெடிலாக இருக்கவேண்டிய எழுத்து குறிலாக நின்றது. இதோடு நாலாவது ஆள்.

“ஐயோ, பெயிண்டர் வுட்டுட்டாருக்கா!”

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. பெயிண்டர் எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதிய சீட்டு என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. என் கையெழுத்து. அதிலேயே கால் இல்லை.

“பெயிண்டரா?” என்றார் அக்கா. அவ்வளவுதான். ஸ்டிக்கை எடுத்தார், நுனியில் சாக்கைத் தேய்த்தார், பந்துகளை அடுக்கினார். அந்த இழுப்பறையில் சீட்டுகளை நான் போட்டுவைப்பதை நூறு முறை பார்த்தவர் அவர். ஒன்றும் கேட்கவில்லை. அது நான் சொல்லவேண்டியது. கம்ப்ரசர் ஏன் ஒரு வாரம் வரவில்லை என்பது அப்போது எனக்குப் புரிந்தது. நான் மூன்று அடி அடித்திருப்பேன். மூன்றும் குழிக்குச் சம்பந்தமில்லாமல் போனது.

“அக்கா.”

“இன்னா?”

“பட்டுச்சு.”

மேசையைப் பார்த்தார். “எங்க? நீ இன்னும் குனியவே இல்லியே.”

“சுவத்துல. கால வுட்டது நான்தான். சீட்டுலயே நான் போடல.”

அக்கா சிரித்த சிரிப்பில் பின்கட்டிலிருந்து மச்சான் ஓடிவந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, எதையோ இறக்கி வைத்த மாதிரி லேசாகவும் இருந்தது. அக்கா சிரித்துக்கொண்டே சுவரண்டை போனார். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். கையில் இருந்த நீலச் சாக்கால் கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே, தன் கையாலேயே, ஒரு கால் போட்டார். இறங்கி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“இப்ப சரி. ஆடு.”

அடுத்த ஆண்டு மகளுக்குக் குழந்தை பிறக்க, அக்கா தவளக்குப்பத்தோடு போய்விட்டார். எப்போதாவது வந்தால் குழியில்லாத மேசையில்தான் ஆடுவார். “இதுல எதுவும் வுழாது. நிம்மதி” என்பார். பெயிண்டர் இரண்டு முறை கேட்டுவிட்டார், ஒரு கோடுதானே, பெயிண்டிலேயே போட்டுவிடட்டுமா என்று. வேண்டாம் என்றுவிட்டேன். மழைக்காலத்தில் சுவர் ஓதம் ஏறினால் அந்தக் கால் அழிந்துபோகும். யாராவது ஒருவன், பெரும்பாலும் கம்ப்ரசர், சாக்கை எடுத்துப்போய் மறுபடி போட்டுவிட்டு வருவான்.

போன வாரம் அக்கா போன் செய்தார். பேரன் கேரம் ஆடுகிறானாம். அதைச் சொல்லிவிட்டு, “மழ ஜாஸ்தியாமே அங்க. கால் இருக்கா தம்பி?” என்றார்.

இருக்குக்கா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. போனோடு எழுந்து போய்ப் பார்த்தேன். வெறும் ஈரம்தான் இருந்தது.

“இல்லக்கா. அழிஞ்சிருக்கு. நான்தான் பாக்காம வுட்டுட்டேன்.”

“சரி, போடு” என்றார். “நான் லைன்லயே இருக்கேன்.”